பெட்டி இழைத்தபடி பேசியவை

டிசெம்பர் 10ஆம் திகதி மனித உரிமைகள் நாள் என்பது வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததே. 1948இல் அதே நாளில்தான் பரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, முப்பது உறுப்புரைகள் கொண்ட உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பார்சிப்பனியிலும் சுற்றுப்புறத்திலும் புதிதாக வந்து குடியேறிய எம்மவர் குடும்பங்களுக்கென்று, அந்நாளை ஒட்டி வந்த சனிக்கிழமையில் ஒரு வகுப்பு வைத்தோம். பிரகடனத்தின் தமிழ்ப் பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, முதலாம் உறுப்புரையிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம். ஒன்பதாவதுக்கு வந்தபோது பின்வரிசையில் ஒரு ஐயா நல்ல நித்திரை. முப்பதும் முடிந்ததும் எல்லோரும் மரியாதையாக, "நல்ல விசயம், நல்ல விசயம்" என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். கேள்வி கேட்டவர் ஒருவர்தான். "தம்பி, இந்தக் கடதாசியைக் காட்டினால் விசா தருவாங்களோ?"

தரமாட்டார்கள் என்று விளக்கினோம். புகலிடம் கேட்கும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருந்தாலும், அது நாடுகளைச் சட்டப்படி கட்டிப்போடும் ஒப்பந்தம் அல்ல. இந்த நாட்டில் புகலிட வழக்குகள் நடப்பது, அமெரிக்கா 1968இல் இணைந்துகொண்ட அகதிகள் நெறிமுறையையும் அதன் வழியே 1980இல் இங்கு இயற்றப்பட்ட அகதிகள் சட்டத்தையும் வைத்து. பொதுவாக, வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். (இந்த ஒரு வருடக் கணக்கு தெரியாமல் இருந்து தவறவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். இதை வாசிப்பவர்கள் புதிதாக வந்த உறவினருக்கு இன்றே சொல்லுங்கள்.) அவர் தலையாட்டினார். பிரதியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கதிரைகளை அடுக்கும்போது எமக்குள் வெட்கமாக இருந்தது. காரணமின்றி எவரையும் தடுத்து வைக்கக்கூடாது என்பதை, தடுப்பில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வந்தவருக்கு நாம் வாசித்துக் காட்டியிருக்கிறோம். வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு வந்தவருக்குச் சொத்துரிமை பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தெரிந்தவர்களுக்குத் தெரியாதவர்கள் படிப்பித்த வகுப்பு அது.

அடுத்த கூடலில் நாம் எதுவும் திட்டமிடவில்லை. ஒரு அம்மம்மா, பேத்தியைச் சும்மா இருத்தி வைப்பதற்காக, தபாலில் வரும் கடை விளம்பரத் தாள்களை நீள நீளமாக வெட்டி மடித்து, பெட்டி இழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பார்சிப்பனியில் பனைக்கு எங்கே போவது? சார்வோலைக்குப் பதிலாகப் பளபளக்கும் கடதாசி. ஆனால் விரல் போன போக்கு அதே போக்கு. முதலில் பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். பிறகு தாய்மார். மூலை திருப்பத் தெரியாமல் நின்ற ஒருவருக்கு இன்னொருவர் காட்டினார். தமிழ்நாட்டில் முகாமில் வளர்ந்த ஒரு தங்கச்சி, தனக்கு ஓலை தெரியாது, வயர்க்கூடைதான் தெரியும் என்றார். முகாமில் அது பின்னித்தான் பள்ளிக்கூடச் செலவுக்குக் காசு சேர்த்தாராம். "எத்தனை வருசம் முகாமிலை?" என்று யாரோ கேட்டார்கள். "பிறந்ததே அங்கைதான் அக்கா. இருபத்தாறு வருசம். இந்தியாக் குடியுரிமை இல்லை, இலங்கைக் கடதாசியும் கனகாலம் இல்லை" என்றார், கையை நிறுத்தாமல். 15ஆம் உறுப்புரை, எல்லோருக்கும் ஒரு நாட்டின் தேசிய உரிமை உண்டு என்கிறது. சென்ற முறை நாம் அதை வாசித்துவிட்டுத் தாண்டிப் போனோம். இம்முறை அதைப்பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள்.

கை வேலையில் இருக்கும்போது கண் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. அதனால்தான் வாய் திறக்கிறது என்று நினைக்கிறோம். நேருக்கு நேர் இருத்தி, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் எம்மவர் சொல்லமாட்டார்கள். அப்படிக் கேட்டவர்களை எல்லாம் அவர்களுக்கு வேறு இடங்களில் தெரியும்.

இது எமது கண்டுபிடிப்பு அல்ல. இந்த வழியால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து காட்டியவர்கள் தென்னமெரிக்காவில், சிலி நாட்டுப் பெண்கள். 1973ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி ஜெனரல் பினோசே தலைமையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்கள் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று பதில். வாசகர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. தேடித் திரிந்த தாய்மாரும் மனைவிமாரும் 1974 முதல் சந்தியாகோ நகரில், தேவாலயங்களின் ஆதரவில் ஒன்றுகூடித் தைக்கத் தொடங்கினார்கள். அந்த முதல் ஆதரவுக் குழுவை அரசு நெருக்கி மூடவைத்தபோது, கர்தினால் ராவுல் சில்வா ஹென்றிக்கேஸ் 1976இல் தமது திருச்சபையின் கீழேயே ஒரு பணியகத்தை நிறுவி, அந்த வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் தைத்தது சாக்குத் துணியில். ஸ்பானிய மொழியில் சாக்குத் துணிக்குப் பெயர் ஆர்பியேரா. அந்தத் துணிப்படங்களுக்கும் அதுவே பெயராயிற்று. பழைய உடுப்புகளில் வெட்டிய துண்டுகளால் வீடு, தெரு, மனிதர். பின்னால் அந்தீஸ் மலை, மேலே பெரும்பாலும் ஒரு சூரியன். தூர இருந்து பார்த்தால் பிள்ளைகளின் படம் போல் கலகலப்பாக இருக்கும். கிட்டப் போனால்தான் தெரியும், தெருவில் நிற்பது பொலிஸ் வண்டி என்று. வேலை இல்லாதவர்கள் சேர்ந்து ஒரே பானையில் சமைப்பது, தண்ணீர் வெட்டப்பட்ட குடியிருப்பு, ஆளைக் கொண்டு போவது, "எங்கே அவர்கள்?" என்று கேட்டு நிற்கும் பெண்கள் என்று எல்லாம் துணியில் வந்தன. சிலர், காணாமல் போன மகனின் சட்டையிலேயே வெட்டித் தைத்தார்கள். சிலவற்றின் பின்புறத்தில் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் ஒரு கடிதத் துண்டு, படத்தில் நடப்பது என்ன என்று. நாட்டுக்குள் விற்க முடியாதவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றார்கள். காசு தைத்தவருக்குப் போனது. பத்திரிகைகள் எழுதாததை, சுவரில் மாட்டுவதற்கு அழகான துணி ஒன்று வாங்கிய ஐரோப்பியர்கள் அறிந்துகொண்டார்கள்.

ஆனால் எமக்குப் பெரிதாகப் பட்டது வெளியே நடந்தது அல்ல, உள்ளே நடந்தது. அந்தப் பெண்களில் பலர் முன்னர் எந்தக் கூட்டத்துக்கும் போனவர்கள் அல்லர். கிழமைக்கொரு நாள் இருந்து தைக்கும்போது, தன் மகனுக்கு நடந்ததுதான் பக்கத்தில் இருப்பவளின் புருஷனுக்கும் நடந்தது என்று கண்டார்கள். அவரவர் தலைவிதி என்று நினைத்தது, ஒரு அரசு செய்த குற்றம் என்று தெரிந்தது. உரிமை என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் பலகையில் எழுதிக் காட்டவில்லை. பினோசே ஆட்சியில் இருந்து இறங்கிய பின் வந்த விசாரணைக் குழுக்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என்று பதிவு செய்தன. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் படங்களோடு வந்து இருந்த எமது தாய்மாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இரு நாட்டுத் தாய்மாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

சிலிப் படங்கள் சிலவற்றை ஒரு மாலை காட்டினோம். பார்த்துவிட்டு, எங்களுக்குத் தைக்கப் பெரிதாகத் தெரியாதே என்றார்கள். சரி, வீட்டைக் கீறுங்கள், பிறகு பார்ப்போம் என்றோம்.

இந்த யோசனையும் எமதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டு, 2011இல் ஒரு நூலாக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். வீட்டுக்காரர் தானே கீறியது ஒன்று. அதைக் கட்டடக் கலைஞர் அளவாகக் கீறியது ஒன்று. அந்த வீட்டைப் பற்றி ஓவியர் வரைந்தது ஒன்று. நூலின் பெயரில் தோம்பு என்ற சொல் உண்டு. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்தத் தோம்பில் காணியும் வரியும் இருந்தன. சனாதனனின் தோம்பில் கிணற்றடி வாழையும் இருக்கிறது.

எமது கூடலில் வீடு கீறிய அன்று அறை சந்தை போல் ஆகிவிட்டது. படலை எந்தப் பக்கம், அடுக்களைக்கு எத்தனை ஜன்னல், மாமரம் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று புருஷன் பெண்சாதிக்குள்ளேயே வழக்கு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று தான் இருக்கும் அப்பார்ட்மென்டைக் கீறி, "எனக்கு அறை இல்லை, சோபாதான்" என்று எழுதியது. அந்தத் தகப்பன் அதைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படத்தின் மூலையில் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்ட திகதியை எழுதச் சொன்னோம். வலிகாமத்தவர் மூவர் ஒரே திகதியை எழுதினார்கள். 1995 ஒக்ரோபர் 30. ஒரே இரவில் யாழ்ப்பாணமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்த நாள். அப்போது நாம் இன்னொரு ஒக்ரோபர் 30ஐயும் சொன்னோம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல் அதே திகதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் இராணுவத்தினர் அல்லர்; புலிகள். சனாதனனின் நூலில் முஸ்லிம்கள் கீறிய வீடுகளும் இருக்கின்றன என்றோம். அறை அமைதியாயிற்று. ஒருவர் எழும்பி, "இதை இப்ப ஏன் கிளறுறியள்?" என்றார். கோபம் நியாயமானதோ இல்லையோ, கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. அதற்குப் பதில் சொன்னது நாமும் அல்லோம். வீடு கீறிக்கொண்டிருந்த ஒரு அக்கா, தலை நிமிராமல், "எங்கடை பக்கத்து வீடு அவையின்ரை. கீறாமல் விட்டால் என்ரை வேலி எங்கை நிக்கிறது?" என்றார். அவருடைய படத்தில் அந்த வீடு இருக்கிறது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது.

இதே போல் இன்னொரு நாள் பிள்ளை ஒன்று எம்மை மடக்கியது. பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி என்று பெயர்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "அம்மம்மா, உங்கடை வீட்டிலை ஆர் இழைச்சது?" "நாங்கள் இழைக்கிறேல்லை. இழைச்சுக் கொண்டுவந்து தருவினம்." "ஆர்?" "அவை." "அவை உள்ளுக்கை வந்து இருப்பினமோ?" அம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முத்தத்திலை நிப்பினம்" என்றார்.

கைவினையைப் பண்பாடு என்று புகழ்ந்து பேசுவது சுலபம். அதைச் செய்த கைகளை எங்கே நிறுத்தி வைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அது வரலாறு. இலங்கையில் சாதி காட்டி ஒருவரைக் கடையிலோ கோவிலிலோ தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே விடும்படி மக்கள் போராட வேண்டியிருந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்ப நாங்களும் செய்திருக்கிறம்" என்று அந்தப் பிள்ளை சொன்னதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

பெட்டி இழைப்பதிலிருந்து வேலைத்தல உரிமைக்குப் போனது, பிள்ளைகளைப் பக்கத்தில் எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்ற நச்சரிப்பால். எமது பார்சிப்பனியிலேயே, றூட் 10 வீதியில், கிராஃப்ட்ஸ்மன் ஃபாம்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகும் எம்மவர் பலர் உள்ளே போனதில்லை. கஸ்ரவ் ஸ்ரிக்லி என்ற தளபாடக்காரர் 1908இல் இருந்து காணி வாங்கி, மரக்குற்றிகளால் ஒரு பெரிய வீடு கட்டினார். கையால் செய்யும் வேலைக்கு மதிப்பு வேண்டும், இயந்திரம் மனிதரை இயந்திரமாக்கிவிடக் கூடாது என்பது அவர் 1901 முதல் நடத்திய சஞ்சிகையின் கொள்கை. இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸிடம் படித்த பாடம். ஆண் பிள்ளைகள் கைத்தொழில் செய்தபடி படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை இங்கே தொடங்க நினைத்தார். அந்தப் பள்ளிக்கூடம் நடக்கவேயில்லை. 1915இல் கடன் முற்றி முறிந்துபோனார். 1989இல் அந்தக் காணியில் புது வீடுகள் கட்ட இருந்ததைத் தடுத்து, நகரசபை அதைக் கையகப்படுத்தியது. இப்போது அருங்காட்சியகம். போய்ப் பாருங்கள், மரவேலை அருமை.

ஆனால் அந்தக் கதையின் மற்றப் பாதி, காரில் அரை மணித்தியாலத்தில், பற்றர்சன் நகரில் இருக்கிறது. ஸ்ரிக்லி நியூயோர்க்கில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் தனது கடையை விரித்தது 1913இல். அதே 1913 பெப்ரவரியில் பற்றர்சனின் பட்டு நெசவாலைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு தறி பார்த்தவரை நான்கு தறி பார்க்கச் சொன்னது ஒரு காரணம். எட்டு மணித்தியால வேலை நாள் ஒரு கோரிக்கை. அவர்களில் பெரும்பகுதியினர் எம்மைப் போல் வந்தேறியவர்கள். இத்தாலியர், கிழக்கைரோப்பிய யூதர், இன்னும் பலர். நகரில் கூட்டம் கூட விடாமல் பொலிஸ் தடுத்தபோது, பக்கத்து ஊரான ஹேல்டனில் இத்தாலிய நெசவாளர் பொத்தோ குடும்பத்தின் வீட்டு மேல்மாடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கீழே நின்று கேட்டார்கள். யூலையில் பசி வென்றது, வேலைநிறுத்தம் தோற்றது. அந்த வீடு இப்போது அமெரிக்கத் தொழிலாளர் அருங்காட்சியகம். கையைப் புகழ்ந்தவரின் வீட்டையும் கைக்குக் கூலி கேட்டவர்களின் வீட்டையும் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்தார்கள்.

வரும் வழியில், வானில் பின்னால் இருந்த ஒரு தம்பி, தான் ஒரு கடையில் கிழமைக்கு அறுபது மணித்தியாலம் நிற்பதாகவும், கையில் காசாகத் தருவதாகவும், வேலை அனுமதி இன்னும் வராததால் கேட்கப் பயம் என்றும் மெல்லச் சொன்னார். முதல் வகுப்பில் 23ஆம், 24ஆம் உறுப்புரைகளை வாசித்தபோது அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறோம். நியூ ஜேர்சியில் குறைந்தபட்சச் சம்பளம், பெரும்பாலான வேலையிடங்களில், 2024 தொடக்கம் மணிக்குப் பதினைந்து டொலருக்கு மேல். நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்குப் பொதுவாக ஒன்றரை மடங்கு. குடிவரவு நிலை எதுவானாலும் செய்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தும். செய்த நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி வையுங்கள்.

இனி, நாம் பிழை விட்ட கதை.

வீட்டுப் படங்களிலிருந்து துணிக்குப் போனோம். பழைய சேலை, சாரம், பள்ளிக்கூடச் சட்டைத் துண்டுகள். ஒருவர் தைத்ததில் ஒரு வீடு, கிடுகு வேலி, வேலியில் சாய்த்த ஒரு சைக்கிள். ஆள் இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் வேறு யாரோ மூலம் அவருடைய கணவரின் கதை எமக்குத் தெரியும். டிசெம்பர் வந்தது. இம்முறை வகுப்பு வேண்டாம், கண்காட்சி வைப்போம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு துணிக்குக் கீழும் ஆங்கிலத்தில் ஒரு அட்டை. இந்தத் துணிக்கு நாமே எழுதினோம், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், இன்ன ஆண்டு, இன்ன ஊர் என்று. பெயர் போடவில்லை என்பதால் பிழையில்லை என்று நினைத்தோம். வெள்ளைக்காரர் சிலர் அந்த அட்டையை வாசித்துக் கண் கலங்கினார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் படமெடுத்தார்.

அவர் பின்னேரம் வந்தார். அட்டையை எடுத்து வாசித்தார். "இதை எழுதச் சொல்லி நான் உங்களுக்குச் சொன்னனானோ?" என்று மட்டும் கேட்டார். அட்டையை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துணியை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் மாமியார் தனியே இருக்கிறார் என்பதும், விசாரணை என்று இன்னமும் ஆட்கள் அந்த வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்பதும் எமக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவருடைய வழக்கும் அப்போது முடிந்திருக்கவில்லை. புகலிட விண்ணப்பத்தில் உள்ளதைப் பொதுவாக விண்ணப்பித்தவரின் சம்மதமின்றி வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று இந்த அரசின் விதியிலேயே இருக்கிறது. அரசு மூடி வைத்ததை நாம் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம்.

பிரகடனத்தில் 12ஆம் உறுப்புரை ஒருவரின் அந்தரங்கத்தையும் குடும்பத்தையும் பற்றியது. 27இன் இரண்டாம் பகுதி, ஒரு ஆக்கத்தின் பயனும் மதிப்பும் ஆக்கியவருக்கு உரியது என்பது. இரண்டையும் முதல் வகுப்பில் உரத்து வாசித்தவர்கள் நாமேதான். சிலிப் பெண்கள் தமது துணிகளில் பெயர் வைக்காதது எதற்காக என்பதும் எமக்குத் தெரியும். அந்தப் பின்பக்கத்துப் பைக்குள் என்ன எழுதுவது, எழுதுவதா விடுவதா என்பதைத் தீர்மானித்தவர் தைத்தவர்.

பிறகு வேறு அகதிகளின் அனுபவத்தையும் தேடி வாசித்தோம். லாவோஸ் மலைநாட்டு மொங் மக்கள் 1975இன் பின் மேகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடி, பான் வினாய் முகாமில் இருந்தபடி தமது கதையைத் துணியில் தைத்தார்கள். விமானம், எரியும் வீடு, ஆற்றில் மூங்கிலைப் பிடித்தபடி மனிதர். அவர்களில் பலர் பின்னர் கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் குடியேறினார்கள். அந்தத் துணிகள் அமெரிக்காவில் நன்றாக விற்றன. விற்க விற்க, வாங்குவோர் விருப்பப்படி நிறங்கள் அடங்கின, ஆங்கில வசனங்கள் வந்தன. தைத்த தாய்மாரில் பலரால் அந்த வசனங்களை வாசிக்க முடியாது. குடும்பம் பிழைக்க அந்தக் காசு தேவைப்பட்டது என்பதால் அதைக் குறை சொல்ல எமக்கு வாய் இல்லை. எமது அட்டையும் வாசிப்போருக்காக எழுதப்பட்டதே என்பது மட்டும் உறைத்தது.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி தந்தார். கதையை மாற்றிவிட்டார். மூன்று கூடல்களுக்கு வரவில்லை.

வேறு ஊர்களிலும் இப்படி ஏதாவது தொடங்க நினைப்பவர்கள் எமக்கு எழுதிக் கேட்கிறீர்கள். ரெக்சாஸிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. செலவு ஒன்றும் இல்லை. விளம்பரத் தாள், பழைய துணி, ஊசி நூல், ஒரு நீள மேசை போதும். பேசச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். செய்ததை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். காட்ட விரும்பினால் என்ன எழுதுவது என்பதைச் செய்தவர் தன் வாயால் தமிழில் சொல்லட்டும், பிறகு மொழிபெயர்க்கலாம். வழக்கு நிலுவையில் உள்ளவரின் வேலையைப் படமெடுப்பதற்கு முன் அவருடைய சட்டத்தரணியிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு ஆண்டு மாறி எழுதினாலே, நாளைக்கு அது ஒரு கேள்வியாக வரலாம். விற்றால் காசை அன்றைக்கே அவர் கையில் கொடுங்கள், மண்டபச் செலவுக்கென்று கழிக்காமல். பிரகடனத்தின் பிரதியை மேசையின் ஒரு ஓரத்தில் வைத்திருங்கள். தேவைப்படும்போது யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். எமது பிரதி ஒன்றைப் பிள்ளைகள் நீளமாக வெட்டிப் பெட்டியாக இழைத்துவிட்டார்கள். முதலில் ஏசினோம். பிறகு பார்த்தால் அடிப்பக்கத்தில் 13 என்ற இலக்கம் தெரிகிறது, சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமை. அந்தப் பெட்டியில்தான் இப்போது ஊசிகள் இருக்கின்றன.

அவர் நான்காவது கூடலுக்கு வந்தார். சைக்கிள் தைத்த துணியையும் கொண்டுவந்திருந்தார். பின்புறத்தில் ஒரு பை வைத்துத் தைத்தார். அதற்குள் எதையோ மடித்து வைத்து, வாயையும் தைத்து மூடினார். யாரும் கேட்கவில்லை. மூலை திருப்பத் திணறிக்கொண்டிருந்த பக்கத்துப் பிள்ளையின் பெட்டியை வாங்கி, "இப்பிடிப் பிடி பிள்ளை" என்று காட்டிக் கொடுத்தார்.

அடுத்த கூடல் வழமை போல் மாதத்தின் இரண்டாம் சனி, பின்னேரம் மூன்று மணிக்கு. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கத்தரிக்கோல் எம்மிடம் இரண்டுதான் இருக்கிறது, உள்ளவர்கள் கொண்டுவந்தால் நல்லது.